கயிற்றுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்



சித்திரை பிறந்தால் எங்கள் பக்கம் கிணறுகளில் வேலை தொடங்கிவிடும். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி ஏரித் தண்ணீர் வற்றியபின் பயிரைக் காப்பாற்றுவது கிணறும் போரும்தான். தூர் வாருவது, இன்னும் பத்தடி வெட்டுவது, போர் மோட்டாரைத் தூக்கிப் பார்ப்பது என்று மூன்று வேலைக்கும் ஆள் தேடி அலைவோம். மூன்றிலுமே ஏதாவது ஒரு பாரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டாக வேண்டும். பல சமயம் மனுஷனையும். இந்தக் கட்டுரை அந்தக் கயிற்றைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், கயிற்றுக்கும் பாரத்துக்கும் நடுவே மாட்டுகிற கிளிப், ஷாக்கிள், கொக்கி, சங்கிலி, பெல்ட் பற்றியது. கிரேன் எவ்வளவு இழுக்கும் என்று எல்லோரும் கேட்கிறோம். இவை எவ்வளவு தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் கிணற்றை ஆழப்படுத்த ஒரு கிரேன் செட்டை வரவழைத்தேன். நாற்பதடிக் கிணறு, அடியில் பாறை. ஆறு பேர் வந்தார்கள். கிணற்று ஓரத்தில் கிரேனை நிறுத்தி, கம்பிக் கயிற்றில் இரும்புச் சட்டியை மாட்டி, உடைத்த கல்லை அதில் அள்ளி மேலே ஏற்றுவார்கள். காலையில் ஆட்கள் இறங்குவதும் அதே சட்டியில்தான். மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். கல் நிறைந்த சட்டி இருபத்தைந்து அடி ஏறியிருந்தது. அப்போது கயிற்று முனை கிளிப்பிலிருந்து உருவிக்கொண்டது. கயிறு அறவில்லை, உருவிக்கொண்டது. சட்டி கல்லோடு கீழே போய்விட்டது. அடியில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் தண்ணீர் குடிக்கச் சுவர் ஓரம் ஒதுங்கியிருந்தார். இன்னொருவருக்குத் தெறித்த கல் பட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மேலே கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆனது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் இருபது நாள் இருந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் கிணற்றில் இறங்குவதில்லை. இப்போது இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார்.

அன்று காலை ஏழு மணிக்கு அதே சட்டியில், அதே கிளிப்பில் தொங்கிக்கொண்டு அவர்கள் நாலு பேர் இறங்கியதை நான் வரப்பில் நின்று பார்த்திருந்தேன்.

நான் முப்பத்து நாலு வருஷம் வங்கியில் இருந்தவன். அதில் பன்னிரண்டு வருஷம் விவசாயக் கடன். கிணறு வெட்ட வந்தவரிடம் முப்பது வருஷத்து வில்லங்கம் கேட்பேன், சிட்டா அடங்கல் கேட்பேன், ஒரு கையெழுத்து குறைந்தாலும் திருப்பி அனுப்புவேன். என் கிணற்றுக்கு வந்த செட்டிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி. அடிக்கு எவ்வளவு? எத்தனை நாளில் முடியும்?

பிறகு கல்பாக்கத்தில் கிரேன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரை அழைத்து வந்து அந்தக் கயிற்றைக் காட்டினேன். அவர் கயிற்றைக் கையில் எடுத்ததும் முதலில் சொன்னது, "கயிறு நல்லா இருக்கு சார்" என்பதுதான். 12 மில்லிமீட்டர் கம்பிக் கயிறு. புதிதாக இருந்தால் அறுபட ஏறக்குறைய எட்டு டன் பாரம் வேண்டும். அறுபடும் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. அதாவது ஒண்ணரை டன். சட்டியும் கல்லும் சேர்ந்து அரை டன்கூட இருக்காது. அப்புறம் ஏன் உருவியது?

கயிற்று முனையை வளைத்துக் கண் மாதிரி செய்து, அதைக் கிளிப் போட்டு இறுக்குவார்கள். புல்டாக் கிளிப், யூ கிளிப் என்று கடையில் சொல்வது அதுதான். கிளிப்பில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று யூ மாதிரி வளைந்த போல்ட். இன்னொன்று கயிறு படியப் பள்ளம் போட்ட கட்டை. கண்ணில் இரண்டு கயிறு சேர்ந்து இருக்கும், பாரம் இழுக்கும் நீளக் கயிறு ஒன்று, சும்மா மடங்கி நிற்கும் குட்டை முனை ஒன்று. பள்ளமுள்ள கட்டை பாரக் கயிற்றின் மேல்தான் உட்கார வேண்டும். யூ போல்ட் குட்டை முனையை நசுக்கட்டும், பரவாயில்லை. மாற்றிப் போட்டால் யூ போல்ட் பாரக் கயிற்றை நசுக்கி அதன் பலத்தைப் பாதியாக்கிவிடும், பிடிமானமும் போய்விடும். ஆங்கிலேயத் தொழிலாளிகள் அந்தக் கட்டையைச் சேணம் என்றும் குட்டை முனையைச் செத்த முனை என்றும் சொல்வார்களாம். செத்த குதிரைக்குச் சேணம் கட்டாதே என்பது அவர்கள் பழக்கத்தில் உள்ள சொலவடை.

என் கிணற்றுக் கயிற்றில் இரண்டே கிளிப் இருந்தது. ஒன்று சரியாக, ஒன்று தலைகீழாக. கண்ணுக்குள் திம்பிள் என்கிற வளையத் தகடும் இல்லை. இந்தக் கனக் கயிற்றுக்குக் குறைந்தது மூன்று கிளிப் வேண்டும், நாலு போட்டால் நல்லது. ஒன்றுக்கொன்று கயிற்றுக் கனத்தைப் போல் ஆறு மடங்கு இடைவெளி, நம் கணக்கில் நாலு விரல் அகலம். சரியாகப் போட்டாலும் கயிற்றின் முழு பலம் கிடைக்காது, நூற்றுக்கு எண்பதுதான். முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் கயிறு கொஞ்சம் ஒடுங்கும், நட்டு தளரும். அப்போது மறுபடி இறுக்க வேண்டும். எங்கள் செட்டில் மூன்று நாளும் ஸ்பேனரை யாரும் தொடவில்லை. இன்னொரு கிளிப் வாங்கிப் போட ஆகியிருக்கும் செலவு, அன்றைக்கு ஆட்களுக்கு வாங்கின டீ, வடைச் செலவை விடக் குறைவு.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, நம் வயலுக்குத்தான் இல்லை. தொழிற்சாலைகள் சட்டம், 1948, பிரிவு 29 முழுக்க இதைப் பற்றித்தான் இருந்தது. சங்கிலி ஸ்லிங், கயிற்று ஸ்லிங், கொக்கி, ஷாக்கிள், சுழலி, இணைப்பு, கிளாம்ப் என்று பேர் சொல்லி அடுக்கி, இவை நல்ல பொருளால், போதுமான பலத்தோடு, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்றது. தகுதி பெற்ற ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு பாரம் வரை பாதுகாப்பு என்பதையும், அடையாள எண்ணையும் பொறித்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதியாளருக்கு அங்கீகாரம் கொடுப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி பக்கம் ஏதாவது ஆலையில் வேலை செய்கிற பையனைக் கேளுங்க, ஷாக்கிளில் கட்டியிருக்கும் தகடு பற்றிச் சொல்வான். கட்டட வேலைக்கு 1996-ல் வந்த தனிச் சட்டத்தின் விதிகளிலும், துறைமுக வேலைக்கான விதிகளிலும் இதே கட்டுப்பாடு இருந்தது. இவை எல்லாவற்றையும் சேர்த்து 2020-ல் போட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

விவசாயத்துக்கு மட்டும் என்ன இருக்கிறது? கதிரடிக்கும் இயந்திரத்தில் கை இழந்தவர்கள் பெருகியபோது 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. அதோடு சரி. இங்கிலாந்தில் 1998-ல் வந்த தூக்கும் சாதன விதிகள் ஆலைக்கும் வயலுக்கும் ஒன்றுதான். அங்கே ஒரு பண்ணைக்காரர் வைக்கோல் கட்டைத் தூக்கப் பயன்படுத்தும் சங்கிலியைக்கூட ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக் காகிதம் வைத்திருக்க வேண்டும். நமக்கு அப்படி ஓர் அதிகாரி வரப்போவதில்லை. வந்தாலும் வரப்பில் இறங்க மாட்டார் என்பது என் அனுபவம், நானும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட அதிகாரிதானே! ஆகவே பார்க்க வேண்டியது பணம் கொடுக்கிற நாம்தான்.

என்ன பார்க்க வேண்டும் என்பதை நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

முதலில் கம்பிக் கயிறு. என் தாத்தா காலத்தில் கவலை ஓட்டியவர்கள் காலையில் மாடு பூட்டுமுன் வடத்தை முழம் முழமாகக் கையால் உருவிப் பார்ப்பார்கள். நாமும் அதையே செய்யலாம், ஆனால் வெறுங்கையால் வேண்டாம். பழைய பருத்தித் துணியால் கயிற்றைப் பிடித்து மெதுவாக உருவுங்க. எங்கே துணி சிக்குகிறதோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது. துறைமுகத் தொழிலாளர்களுக்காக 1932-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட உடன்படிக்கையில் ஒரு கணக்கு உண்டு. கயிற்றுக் கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்தில், மொத்தக் கம்பிகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அறுந்து வெளியே தெரிந்தால் அந்தக் கயிறு ஆகாது. 12 மில்லிமீட்டர் கயிற்றில், ஆறு புரி, புரிக்கு 19 கம்பி என்றால் மொத்தம் 114 கம்பி. பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குள் பதினொன்றுக்கு மேல் அறுந்திருந்தால் கழித்துவிட வேண்டும். பின்னால் வந்த தரங்கள் இதைவிடக் கடுமை. கண்ணுக்குப் பக்கத்தில், கிளிப் ஓரத்தில் ஒரு கம்பி அறுந்திருந்தாலே அந்த முனையை வெட்டிப் புதுக் கண் போடச் சொல்கிறார் நண்பர். மடங்கி முறுக்கு விழுந்த கயிறு, பறவைக் கூண்டு மாதிரி புரி விரிந்த கயிறு, இரண்டும் அப்போதே போச்சு. நிமிர்த்தினால் நேராகத் தெரியும், பலம் திரும்பாது.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் கயிறு வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு தின்னும். நடுவில் நார் இருக்கும் கயிறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கயிற்றை வளைத்தால் செந்தூள் உதிர்ந்தால் நம்பாதீர்கள். மழைக்காலம் முழுக்கக் கிணற்று மேட்டில் கிடந்த கயிற்றைச் சித்திரையில் அப்படியே மாட்டுவதுதான் நம் வழக்கம்.

அடுத்தது ஷாக்கிள். குதிரை லாடம் மாதிரி வளைந்த இரும்பு, வாயில் ஒரு பின். நல்ல ஷாக்கிளில் எஸ்.டபிள்யூ.எல். அல்லது டபிள்யூ.எல்.எல். என்ற ஆங்கில எழுத்துகளோடு 1, 2 என்று டன் கணக்கு உடம்பிலேயே பொறித்திருக்கும். பெயின்டில் எழுதியது செல்லாது. எதுவும் பொறிக்காத ஷாக்கிள் மிட்டாய்க்குச் சமம். நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு, பின் தொலைந்ததும் கிடைத்த போல்ட்டை மாட்டுவது. ஷாக்கிள் பின் அதற்கென்று பதப்படுத்திய எஃகு. கடை போல்ட் அதே கனம் இருந்தாலும் வளையும், மரை உள்ள இடத்தில் வெட்டும். கிளைகளுக்கு நடுவே பாரம் நேராக விழ வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் தாங்கும் பாரம் குறையும், தொண்ணூறு டிகிரி திரும்பினால் பாதிதான்.

கொக்கியில் பார்க்க வேண்டியது வாய். பாரம் அதிகமானால் கொக்கி உடனே உடையாது, மெல்ல வாய் திறக்கும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. புதுக் கொக்கி வாங்கினதும் வாயின் இரு பக்கமும் பஞ்ச்சால் ஒரு புள்ளி அடித்து, நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதி வையுங்க. பிறகு அளக்கும்போது பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தால் அந்தக் கொக்கிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். சுட்டு அடித்து வாயைச் சேர்த்துக் கொடுக்கப் பட்டறையில் தயாராக இருப்பார்கள். வேண்டாம். சூடு பட்டதும் அதன் பதம் போய்விடும். கொக்கி வாயை மூடும் சின்ன நாக்கு இருக்க வேண்டும். "அது தொந்தரவு சார்" என்று கழற்றி வைத்திருப்பார்கள். சட்டி அடியில் தட்டிக் கயிறு தளரும்போது கொக்கியிலிருந்து வளையம் நழுவாமல் காப்பது அந்த நாக்குதான்.

சங்கிலி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாடு கட்டும் சங்கிலி, கேட்டுக்குப் போடும் சங்கிலி, லாரியில் கட்டும் சங்கிலி எதுவும் தூக்கும் சங்கிலி இல்லை. தூக்குவதற்கென்று உள்ள கிரேடு 80 சங்கிலியில் சில கண்ணிகளுக்கு ஒருமுறை 8 என்று பொறித்திருக்கும். 8 மில்லிமீட்டர் கனத்தில் அது இரண்டு டன் தாங்கும். முடிச்சுப் போடக் கூடாது, போல்ட் போட்டு இணைக்கக் கூடாது.

பெல்ட் எங்கள் பக்கம் இப்போது நிறைய வந்துவிட்டது. பாலியெஸ்டர் பெல்ட்டின் நிறத்தை வைத்தே பாரம் சொல்லலாம். ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, சாம்பல் நாலு, சிவப்பு ஐந்து. ஐரோப்பியத் தரத்திலிருந்து வந்த இந்த நிறக் கணக்கு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், தைத்த சீட்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு. சீட்டு கிழிந்துபோன பெல்ட்டை ஆலைகளில் குப்பையில் போடுகிறார்கள். பாலியெஸ்டரைச் சுண்ணாம்பு அரிக்கும், நைலானை அமிலம் அரிக்கும். நம் இயற்கை விவசாயிகள் வீட்டில் சுண்ணாம்பு மூட்டையும் மீன் அமில டிரம்மும் இருக்கிற அதே கொட்டகையில்தான் எல்லாம் கிடக்கும். பெல்ட்டைத் தனியே ஆணியில் மாட்டி வையுங்க. வெயிலில் போடாதீங்க.

இதையெல்லாம் சரியாக வாங்கினாலும், கட்டுகிற விதத்தில் கோட்டை விடலாம். அதை நான் கற்றுக்கொண்டது மாமல்லபுரத்தில். ஐந்து ரதம் போகும் வழியில் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் பழக்கக்காரர் ஒருவர், ஒரு கருங்கல் நந்தியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று கால் நட்டு, செயின் பிளாக் தொங்கவிட்டு, இரண்டு பெல்ட். கல்லின் கூர் விளிம்பு படும் இடத்தில் எல்லாம் பழைய டயர்த் துண்டும் கோணியும் மடித்து வைத்திருந்தார். கல் விளிம்பில் இழுபட்டால் பெல்ட் கத்தி வைத்தது போல அறுந்துபோகும். பையன் ஒருவன் பெல்ட்டைக் குட்டையாகக் கட்டியதும் பெரியவர் சத்தம் போட்டார், "தட்டையாப் போவுது பாரு, நீட்டிக் கட்டுடா."

அதன் கணக்கு இது. ஆயிரம் கிலோ கல்லை இரண்டு கால் பெல்ட்டில் தூக்குகிறோம். இரண்டு காலும் ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால் ஆளுக்கு ஐந்நூறு. இரண்டுக்கும் நடுக்கோணம் 60 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலிலும் 577 கிலோ. 90 ஆனால் 707. 120 ஆனால் ஒவ்வொரு காலும் முழு ஆயிரத்தையும் சுமக்கிறது. 150 ஆனால் 1,930! கல்லின் எடை கூடவில்லை, கோணம்தான் விரிந்தது. நம்பிக்கை வராவிட்டால் தண்ணீர்க் குடத்தைக் கயிற்றின் நடுவில் கட்டி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக் கயிற்றை நேராக்கப் பாருங்க. கை கழன்றுவிடும். மாட்டுகிற இரண்டு இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, பெல்ட்டின் ஒவ்வொரு காலும் அந்த நீளத்துக்குக் குறையாமல் இருந்தால் 60 டிகிரிக்குள் நின்றுவிடும். அளவுகோல் தேவையில்லை. பெல்ட்டைச் சுருக்குப் போட்டு இறுக்கித் தூக்கினால் சீட்டில் உள்ள பாரத்தில் நூற்றுக்கு எண்பதுதான் கணக்கு.

அங்கே மலைச் சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைக் கல்லை 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானை கட்டி இழுத்துப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. யானைக் கணக்கை எல்லா வழிகாட்டியும் சொல்கிறார்கள். என்ன கயிறு கட்டினார்கள், எங்கே கட்டினார்கள் என்று இதுவரை ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. கல் அசையாமல் போனது நல்லதாயிற்று.

சரி, போர் மோட்டாருக்கு வருவோம். "மோட்டார் நாப்பது கிலோ சார், இந்தக் கயிறு போதும்" என்பார்கள். 240 அடியில் ஒன்றரை இஞ்சு ஜி.ஐ. பைப் தொங்குகிறது என்று வையுங்க. பன்னிரண்டு பைப், மீட்டருக்கு மூன்றரை கிலோவுக்கு மேல், மொத்தம் 260 கிலோ. அடி வால்வு சரியாக இருந்தால் பைப்புக்குள் நிற்கும் தண்ணீர் இறங்காது, அது ஒரு 100 கிலோ. மோட்டார், பம்ப், கேபிள் சேர்த்தால் 400 கிலோவைத் தாண்டும். சேற்றில் புதைந்து இறுகியிருந்தால் இழுவை இன்னும் எவ்வளவு என்று சொல்ல முடியாது. இவ்வளவும் ஒரு செயின் பிளாக்கிலும், பைப்பைக் கவ்வும் ஒரு கிளாம்ப்பிலும் நிற்கிறது. செயின் பிளாக்குக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 3832, கம்பிக் கயிற்றுக்கு ஐ.எஸ். 2266. வாங்கும்போது இந்த எண்ணைக் கேளுங்க, சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்க. பாரிமுனைக் கடைகளில் தரமானதும் கிடைக்கும், பார்க்க அதே மாதிரி இருக்கும் மட்டமானதும் கிடைக்கும். சான்று கேட்டதும் கடைக்காரர் முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே போதும், வங்கியில் நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஜேசிபி வைத்திருப்பவர்கள் பக்கெட் பல்லில் சங்கிலியைச் சுற்றிப் பாரம் தூக்குவதைத் தினமும் பார்க்கிறோம். பல் மண்ணைக் கிண்டச் செய்தது. பக்கெட் கொஞ்சம் திரும்பினால் சங்கிலி நழுவும். தூக்கவென்று தனிக் கண் வைத்த வண்டி என்றால் அந்தக் கண்ணில் மட்டும் மாட்டச் சொல்லுங்க, இல்லையென்றால் வேறு வண்டி.

இனி மனிதரைத் தொங்கவிடுவது. 2023 ஜனவரி 22 இரவு, அரக்கோணம் பக்கம் கீழ்வீதியில் மண்டியம்மன் கோவில் திருவிழாவில், அம்மனுக்கு மாலை போட ஆட்களைத் தொங்கவிட்டிருந்த கிரேன் சாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்தில், ஒரு கிரேனைச் சோதித்துப் பார்க்கும்போதே அது விழுந்து பதினோரு பேர் இறந்தார்கள். பெரிய நிறுவனங்களிலேயே இந்தக் கதி. சாமான் தூக்கும் கிரேனில் மனுஷன் தொங்கக் கூடாது என்பதுதான் எல்லா விதிகளின் சாரமும். கிணற்றில் இறங்கப் படி இருந்தால் படி, இல்லையென்றால் நன்றாகக் கட்டிய ஏணி. தவிர்க்கவே முடியாது என்றால் இடுப்பிலும் தோளிலும் பூட்டும் பாதுகாப்புப் பட்டை, அதற்குக் கிரேனோடு சம்பந்தமில்லாத தனிக் கயிறு, அந்தக் கயிறு மேலே ஒரு மரத்திலோ தூணிலோ கட்டியிருக்க வேண்டும். சட்டி ஏறும்போது அடியில் இருப்பவர்கள் சுவரோரம் ஒதுங்க ஓர் இடம் முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். அன்றைக்கு என் கிணற்றில் ஒருவர் பிழைத்தது தாகத்தால்.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் ஈட்டுத்தொகைச் சட்டம், 1923-ன் இரண்டாம் அட்டவணையில் ஆழ்குழாய்க் கிணறு போடுவதும் பழுது பார்ப்பதும் பேர் சொல்லியே இருந்தது, டிராக்டர் போன்ற இயந்திரங்களால் நடக்கும் விவசாயமும் இருந்தது. காண்டிராக்ட் விட்டுவிட்டோம், நமக்குப் பொறுப்பில்லை என்று தூங்க முடியாது. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் கிணறு தோண்டுபவர்களும் சேரலாம். வருகிற செட்டில் எத்தனை பேர் அட்டை வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்க. என் கிணற்றில் வந்த ஆறு பேரில் ஒருவரிடமும் இல்லை. அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் அந்தக் குடும்பத்துக்கு நான் கொடுத்தது, நான் கொடுக்க நினைத்தது மட்டும்தான். அது நியாயமான ஏற்பாடு இல்லை.

இப்போது எங்கள் உழவர் குழுவில் பதினெட்டு பேர் சேர்ந்து ஒரு தகரப் பெட்டி வாங்கியிருக்கிறோம். அதில் இரண்டு டன் ஷாக்கிள் ஆறு, நாக்கு உள்ள கொக்கி இரண்டு, அழுத்திக் கண் போட்ட கம்பிக் கயிற்று ஸ்லிங் இரண்டு, பச்சை பெல்ட் நாலு, ஒரு டன் செயின் பிளாக் ஒன்று, உடம்புப் பட்டை இரண்டு, ஒரு வெர்னியர், ஒரு ஸ்பேனர் செட். எல்லாவற்றிலும் எண் பொறித்த தகடு. வருகிற செட் அவர்கள் கயிற்றைக் கொண்டுவரலாம், முனையில் மாட்டுவது எங்கள் பெட்டியிலிருந்துதான். முதலில் முறைத்தார்கள். "இத்தினி வருசமா இப்டித்தான் சார் தூக்கறோம், ஒண்ணும் ஆவாது" என்றார் ஒரு மேஸ்திரி. கிணற்றடிக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். பேசாமல் மாட்டிக்கொண்டார். அடுத்த ஊர் வேலைக்கும் இரவலாகக் கேட்கிறார்.

பதிவேடு என் பொறுப்பு, பழைய தொழில் ஆயிற்றே. எண், பொருள், வாங்கிய தேதி, பாரம், கொக்கியாக இருந்தால் வாய் அளவு, பார்த்த தேதி, பார்த்தவர் கையெழுத்து. ஆலைகளில் சோதித்த பொருளுக்கு அந்தந்தப் பருவத்துக்கு ஒரு நிறம் பூசுவார்கள் என்று நண்பர் சொன்னதை எடுத்துக்கொண்டோம். தை முதல் ஆனி வரை மஞ்சள், ஆடி முதல் மார்கழி வரை நீலம். ஆடியில் மஞ்சளோடு ஒரு ஷாக்கிள் கண்ணில் பட்டால் அது இன்னும் சோதிக்காதது, யாரும் தொட மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற ஏற்பாடு. வருஷத்துக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆளிடம் கொண்டுபோய்க் காட்டுகிறோம். அதற்கு ஆகும் கட்டணத்தைப் பதினெட்டால் வகுத்தால் ஒரு மூட்டைப் புண்ணாக்கு விலைகூட வராது.

போன மாதம் பெட்டி திரும்பி வந்தபோது ஷாக்கிள் எண் 4-ல் எங்கள் பின் இல்லை. அதே அளவில் கடை போல்ட் ஒன்று அழகாக மாட்டி, மேலே நீலப் பெயின்டும் பூசியிருந்தது. யார் என்று கேட்டேன், பதில் இல்லை. ஷாக்கிளை வாள் வைத்து இரண்டாக அறுத்து, பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். அறுத்த இரண்டு துண்டும் பெட்டி மூடியின் உள்பக்கம் கம்பியில் கட்டித் தொங்குகிறது.